குணசீலனின் ஐந்து பெடல்கள்

இந்தக் கதையில் குருவுக்கு முப்பத்து மூன்று வயது. சீடருக்கு அறுபத்திரண்டு.

குருவின் பெயர் ஹெப்சிபா. பெரம்பூரில் ஒரு பேக்கரியின் மாடியில் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறாள். படிக்க வருகிறவர்கள் எல்லாரும் அவளை ஹெப்சி மிஸ் என்பார்கள். சீடர் குணசீலனும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார். அவளோ அவரை அங்கிள் என்பாள். இதில் யாருக்கு யார் மரியாதை கொடுக்கிறார்கள் என்று கேட்டால் இரண்டு பேருக்குமே சொல்லத் தெரியாது.

குணசீலன் ஒன்றும் புதிதாகக் கற்க வந்தவரில்லை. இளவயதில் மெல்லிசைக் குழு ஒன்றில் கிட்டார் வாசித்தவர். பிறகு வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று கிட்டார் பரணுக்குப் போய்விட்டது. ஓய்வு பெற்றதும் அதைத் தூசி தட்டி எடுத்தார். கைக்கு எல்லாம் மறந்திருந்தது, மனசுக்கு மட்டும் ஒன்றும் மறக்கவில்லை. அதனால்தான் இந்த வயதில் வகுப்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் பூசை முடிந்த கையோடு, அவர் ஒரு பலகையைச் சுமந்துகொண்டு மாடியேறினார். பலகையில் வரிசையாக ஐந்து பெடல்கள் ஒட்டியிருந்தன. பச்சை, மஞ்சள், நீலம், கறுப்பு, கடைசியில் ஒரு ரோஸ். ஐந்துமே ஓவர்டிரைவ்.

கிட்டாருக்கும் ஆம்ப் என்கிற ஒலிப்பெட்டிக்கும் நடுவில் இதை மாட்டிக் காலால் அமுக்கினால், சுத்தமாக வருகிற சத்தம் கொஞ்சம் கரகரத்து வரும். ஒருவருக்கு ஒன்று போதும். ஆசைப்பட்டவர் இரண்டு வைத்துக்கொள்வார். குணசீலன் வீடியோ பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் இதுதான் அது என்று நம்பி, ஐந்து வாங்கிவிட்டார்.

"எதை முன்னாடி வைக்கணும், எதைப் பின்னாடி வைக்கணும் மிஸ்?"

"வீட்ல ஆன்ட்டி ஒண்ணும் சொல்லலையா?"

"அவ சொன்னதை இங்க சொன்னா கிளாஸ் டைம் முடிஞ்சிடும். நீங்க வரிசையைச் சொல்லுங்க."

ஹெப்சிபா தரையில் உட்கார்ந்து பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். லேசாகக் கரகரப்பதை முதலில் வைத்தாள், முரட்டுத்தனமானதைப் பின்னால் வைத்தாள். அவர் வாசித்தார். ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார்கள்.

"பச்சை எப்படி?"

"மூக்கால பேசுது."

"மஞ்சள்?"

"பல்லு கூசுது."

"நீலம் நல்லா இருக்கே."

"நல்லா இருக்கு. அவ்ளோதான்."

கறுப்பையும் ரோஸையும் சேர்த்து அமுக்கினாள். குணசீலன் கண்ணை மூடிக்கொண்டார். முகம் கொஞ்சம் மலர்ந்தது. அடுத்த நோட்டிலேயே வாடிவிட்டது.

"கிட்ட வந்துச்சு மிஸ். போயிடுச்சு."

வரிசையைத் திருப்பிப் போட்டாள். குமிழ்களைத் திருகினாள். ஜோடி மாற்றினாள். எல்லாவற்றுக்கும் அவர் இல்லையென்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவளுக்கே அலுத்துவிட்டது.

"உங்களுக்கு என்ன சத்தம்தான் வேணும் அங்கிள்?"

குணசீலன் கிட்டாரை மடியில் கிடத்தினார்.

"எங்க குழுவுல ஒரு பாட்டு வாசிப்போம். அதுல நடுவுல எட்டு பாரு, எட்டு தாளச் சுத்து, எனக்கு மட்டும். பாடறவங்க தண்ணி குடிக்கப் போயிடுவாங்க, நான்தான். அதுல மேல ஒரு நோட்டைப் பிடிச்சு இழுத்து நிறுத்துவேன். அப்ப கிட்டார் ஒரு மாதிரி கமறும். அழுகைக்கு முன்னாடி தொண்டை அடைக்கும் பாருங்க, அப்படி. பின்னாடி கடலை வாங்கிட்டு நிக்கறவன்கூடத் திரும்பிப் பாப்பான். அந்தச் சத்தத்தை அப்புறம் நான் கேட்டதே இல்ல."

"இப்ப ஏன் அது வேணும்?"

அவர் இடது கையை நீட்டினார். மோதிர விரல் பாதி மடங்கியபடியே நின்றது.

"காலையில வெந்நீர்ல வச்சாதான் நிமிருது. டாக்டர் இனிமே இப்படித்தான்னு சொல்லிட்டாரு. அடுத்த மாசம் கோயில் திருவிழாவுல எங்க பழைய குழுவை மேடையேத்தறாங்க. அதே பாட்டு. அடுத்த வருஷம் கூப்பிட்டா என்னால வாசிக்க முடியாது. ஒரே ஒரு தடவை அதைக் கேட்டுட்டேன்னா போதும் மிஸ், பழையபடி பரண்ல வச்சிடுவேன்."

ஹெப்சிபாவுக்கு அவர்மேல் இருந்த அலுப்பெல்லாம் போய்விட்டது.

"அப்ப என்ன பெடல் வச்சிருந்தீங்க?"

"பெடலா? அதெல்லாம் கண்ணால பாத்ததுகூட இல்ல. கிட்டார், ஒரு வயரு, ஆம்ப். முடிஞ்சது."

"என்ன ஆம்ப்?"

குணசீலனுக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாள் கழித்து ஒரு சொந்தக்காரரைப் பற்றி விசாரித்ததுபோல இருந்தது அவருக்கு.

"புரசைவாக்கத்துல ஒருத்தரு கையால செஞ்சு குடுத்தது. சிவப்பு ரெக்சின் ஒட்டின பெட்டி. செம கனம். வேன்ல கீழ வச்சா குலுங்கும்னு என் மடியிலயும் சகாயம் மடியிலயுமா வச்சுக்கிட்டுதான் போவோம். திருத்தணி வரைக்கும் அப்படியே போயிருக்கோம். இறங்கறப்போ காலு மரத்துப் போயிருக்கும். கச்சேரி நடுவுல அது சூடாயிடும். சகாயம் பாட்டுப் புத்தகத்தை எடுத்து விசிறுவான். கூட்டத்துல அதுக்கும் கைதட்டுவாங்க."

"சகாயம் யாரு?"

"பேஸ் கிட்டார்."

"அவரு ஏன் உங்க ஆம்புக்கு விசிறணும்?"

"என் ஆம்ப்னு எங்க இருந்துச்சு? குழுவுக்கே ஒண்ணுதான். அதுல வயர் சொருக ரெண்டு ஓட்டை இருக்கும். ஒண்ணுல நான், இன்னொண்ணுல அவன்."

ஹெப்சிபா நிமிர்ந்து பார்த்தாள். அவர் பேசிக்கொண்டே போனார்.

"அதுதான் எங்களுக்குள்ள சண்டையே. அவன் வாசிச்சா பெட்டி திணறும். என் நோட்டெல்லாம் கலங்கிப் போகும். மெதுவா வாசிடான்னு தலைதலையா அடிச்சுக்குவேன். கேக்க மாட்டான். கடைசியில எனக்குன்னு தனி ஆம்ப் குடுத்தாதான் வருவேன்னு சொல்லிட்டேன். வாங்கிக் குடுத்தாங்க. 'என்கூட ஒரே பெட்டியில வாசிக்க குணசீலனுக்குக் கௌரவக் குறைச்சலாப் போச்சா'ன்னு சகாயம் எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சான். நானும் பதிலுக்கு ஏதோ சொன்னேன். பேச்சு நின்னு போச்சு. அப்புறம் அவன் குழுவுக்கு வரலை. கொஞ்ச நாள்ல குழுவே கலைஞ்சு போச்சு."

"தனி ஆம்ப் வந்தப்புறம் அந்த நோட்டு?"

"சுத்தமா வந்துச்சு மிஸ். கண்ணாடி மாதிரி."

"ஜனங்க திரும்பிப் பாத்தாங்களா?"

அதைக் குணசீலன் இதுவரை யோசித்ததே இல்லை.

ஹெப்சிபா எழுந்தாள். அவருடைய கிட்டார் வயரைப் பலகையிலிருந்து உருவினாள். பலகையைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தாள். அறை மூலையில் யாரும் தொடாமல் கிடந்த பழைய சின்ன ஆம்ப் ஒன்றை நடுவுக்கு இழுத்து வந்து, அவர் வயரை அதில் நேராகச் சொருகினாள். சத்தத்தை நன்றாக ஏற்றிவைத்தாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த பேஸ் கிட்டாரை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அதன் வயரையும் அதே ஆம்பில் பக்கத்து ஓட்டையில் சொருகினாள்.

"மிஸ், ஸ்பீக்கர் கிழிஞ்சிடும்."

"கிழிஞ்சா பாத்துக்கலாம். அந்த எட்டு பாரை வாசிங்க."

அவர் தொடங்கினார். முதலில் கிட்டார் மட்டும் வந்தது. ஐந்து பெடலும் இல்லாமல் வெறுமையாகத்தான் இருந்தது. மூன்றாவது பாரில் அவள் சேர்ந்துகொண்டாள். பேஸின் கனத்த அடிச்சத்தம் இறங்கியதும் பெட்டி முனகியது. அதன் முன்பக்கத் துணி அதிர்ந்தது. அவருடைய நோட்டுகள் ஓரம் பிய்ந்து வர ஆரம்பித்தன. அவள் தட்டும்போதெல்லாம் கிட்டார் நடுங்கியது.

மேல் நோட்டு வந்தது. மடங்கிய விரலால் எப்படியோ அதைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். அவள் கீழே ஒரே ஒரு தட்டு தட்டினாள்.

கமறியது.

குணசீலன் வாசிப்பதை நிறுத்திவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அறுபத்திரண்டு வயதில், பேக்கரி மாடியில், தன் மகள் வயதுப் பெண் முன்னால் அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. துடைத்துக்கொள்ளத்தான் தோன்றவில்லை.

"இதைத்தான் மிஸ், நான் அன்னிக்கு அவன்கிட்ட கெட்டுப்போன சத்தம்னு சொல்லிட்டேன்."

ஹெப்சிபா பேஸை இறக்கவில்லை. அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி கிட்டாரைத் தூக்கினார். இன்னொரு தடவை வாசித்தார்கள். அதே இடத்தில் அதேபோல் கமறியது. ஆனால் இந்த முறை அவர் முகத்தைச் சுளித்தார்.

"என்ன அங்கிள்?"

"ஒண்ணுமில்ல. நீங்க தாளத்துக்குச் சரியா வர்றீங்க. அவன் ஒரு நூல் பிந்தி வருவான். நான் நோட்டை இழுத்து நிறுத்தற வரைக்கும் என் கையையே பாத்துட்டு இருப்பான். நிறுத்தினதும் விடுவான். அதுக்கும் திட்டியிருக்கேன்."

"ம்."

"பரவாயில்ல, இதுவே போதும். திருவிழா அன்னிக்கு நீங்களே வந்து வாசிச்சுக் குடுத்துடுங்க மிஸ். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"பேஸுக்கு வேற யாரும் இல்லையா?"

"கீபோர்டுக்காரர் இடது கையில சமாளிச்சுக்கறேன்னாரு. சகாயத்தைக் கூப்பிடவான்னு என்னைக் கேட்டாங்க. நான்தான் வேணாம்னுட்டேன்."

ஹெப்சிபா ஆம்பை அணைத்தாள். பெட்டி முனகல் அடங்கியது. கீழே பேக்கரியில் யாரோ ரொட்டித் தட்டுகளை அடுக்குகிற சத்தம் கேட்டது.

"அவரு உயிரோடதான் இருக்காரா?"

"இருக்கான், இருக்கான். அவனுக்கென்ன. வில்லிவாக்கத்துல பொண்ணு வீட்டுல இருக்கான். அந்த பேஸையும் இன்னும் வச்சிருக்கானாம், விக்கலையாம்."

அவள் தன் வயரை உருவிச் சுருட்டினாள். அவருடைய வயரை மட்டும் ஆம்பிலேயே விட்டாள்.

"வில்லிவாக்கம் இங்கேர்ந்து மூணாவது ஸ்டேஷன்தானே அங்கிள். அங்க போறதை விட்டுட்டா அஞ்சு பெடல் வாங்குனீங்க?"