சாய்ந்த வீட்டுக்கு ஒரு படம்

தேவசகாயத்துக்கு ஐம்பது தாண்டியாயிற்று. அவருக்குப் படமெடுக்கச் சொல்லிக்கொடுக்கும் மும்தாஜுக்கு முப்பதுதான் இருக்கும். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை சார் என்பாள். தென்காசியில் தினம் ஒரு பழைய கட்டடத்தைப் படமெடுத்து, போனில் எல்லோருக்கும் அனுப்பிவந்தார் அவர்.

ஒரு நாள் காலையில் ஒரு கவரில் இரண்டு படங்களோடு அவளுடைய ஸ்டூடியோவுக்கு வந்தார். இரண்டிலும், கணவரை இழந்து தனியாக இருக்கும் ஆவுடையம்மாளின் வீடு. பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டியதில் என்றைக்கோ ஒரு பக்கமாகச் சாய்ந்துபோன வீடு. ஒரு படத்தில் அது சாய்ந்தபடியே இருந்தது. இன்னொன்றில் கம்ப்யூட்டரில் நிமிர்த்தியிருந்தார்.

"வீட்டை இடிக்கப்போறாங்க டீச்சர். அந்தம்மா மக வீட்டுக்குப் போறாங்க. கொண்டுபோக ஒரு படம் கேட்டாங்க. இதுல எதைக் கொடுக்க?"

"உங்களுக்கு எது தோணுது?"

"நிமிர்ந்தது பொய். சாய்ஞ்சதைக் கொடுத்தா, போற நேரத்துல குத்திக்காட்டின மாதிரி ஆயிரும். சோறு இறங்கலை எனக்கு."

"ஒரு படத்துக்கா? வாங்க, போய்ப் பார்ப்போம்."

ஆவுடையம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. வாம்மா. பாத்துக் கால் வைங்க. புதுசா வர்றவங்க எல்லாம் நேரா அந்தச் சுவரைப் போய்ப் பிடிப்பாங்க."

தேவசகாயம் ஏற்கெனவே அதைத்தான் பிடித்திருந்தார்.

முன்னறையில் அவளுடைய கணவரின் படம் தொங்கியது. பக்கத்துக் கதவு நிலைக்குச் சரியாக ஒத்து நின்றது. மும்தாஜ் கிட்டே போனாள். சட்டத்தின் கீழ்மூலையில் இன்னொரு ஆணி, படத்தை நகரவிடாமல் முட்டுக் கொடுத்திருந்தது.

"இந்த ஆணியை எடுக்கட்டுமாம்மா?"

"எடு. எப்படியும் கழட்டத்தானே போறோம்."

ஆணி வந்ததும் படம் மெல்ல ஆடி, ஒரு பக்கமாகச் சரிந்து நின்றது.

"ஐய, கோணிக்கிட்டாரே." ஆவுடையம்மாள் எழுந்து வந்து நேராக்கினாள். கையை எடுத்ததும் மறுபடி சரிந்தது. "கோணலா இருந்தா இவருக்கு ஆகாது. காலண்டருக்குக்கூட ரெண்டு ஆணி அடிப்பாரு."

தேவசகாயம் குரலைத் தாழ்த்தினார். "டீச்சர், இப்பதானே படம் நேரா தொங்குது? வீடுல்ல சாய்ஞ்சிருக்கு."

"அவங்ககிட்டச் சொல்லுங்க."

ஆவுடையம்மாள் படத்தை ஒரு கையால் தாங்கிப் பிடித்தபடி நின்றாள். மறுகையில் பிடித்த முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தேவசகாயம் அம்மிக்குழவியை எடுத்துவந்து, ஆணியைப் பழைய ஓட்டையிலேயே வைத்துத் தட்டினார்.

"எதுக்கு அண்ணாச்சி, நாளைக்கே பிடுங்கணும்."

"அதுவரைக்கும் இருக்கட்டும்மா."

வாசலுக்கு வந்தபிறகுதான் அவருக்குக் கக்கத்தில் இருந்த கவர் ஞாபகம் வந்தது.

"இன்னும் கொடுக்கலையே டீச்சர். எதைக் கொடுக்க?"

"ரெண்டுமே தெருவில நின்னு எடுத்தது சார்," என்றாள் மும்தாஜ். "அவங்க தெருவிலயா குடியிருந்தாங்க?"