நாற்பத்தாறாம் பக்கத்தில் பெருமாயி

ஊசிக்குளம் எங்கே இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்டால், தரையைக் காட்டி "இங்கதான்" என்பார்கள். அதற்கு மேல் ஒரு தகவலும் பெயராது. ஆனால் நல்ல மனிதர்கள். யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டார்கள். அதற்கெல்லாம் கொஞ்சம் மூளை வேண்டும் இல்லையா?

அந்த ஊரில் மாவு மில் ஓட்டும் ஒச்சப்பன், கல்யாணமான மறுநாள் மனைவி பெருமாயிக்கு ஒரு வாக்குக் கொடுத்தான். "உன்னைச் சாரல்மலை அருவிக்குக் கூட்டிட்டுப் போயி, தலை முழுக்கக் குளிக்க வைக்கிறேன்." அவள் அதை நம்பி அன்றைக்கே ஒரு பச்சைக்கரைத் துண்டு வாங்கினாள். பத்தொன்பது வருஷமாக அந்தத் துண்டு மடிப்புக் கலையாமல் பெட்டிக்குள்ளேயே கிடந்தது.

ஒருநாள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "இந்த ஆடி முடியறதுக்குள்ள என் தலையில அருவித் தண்ணி விழுகலைன்னா, நான் எங்க ஆத்தா வீட்டுக்குப் போயிருவேன், ஆமா!" என்றாள். ஆத்தா வீடு எதிர்வீடுதான். ஆனாலும் ஒச்சப்பனுக்குக் கதிகலங்கிவிட்டது. அவனுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. அது மட்டுமில்லை, அவனுக்குப் பெருமாயி மேல் உயிர்.

உடனே பெருமாயியின் தம்பி தவசியையும் சிநேகிதன் பூலோகத்தையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினான். பூலோகம் சாதாரண ஆள் இல்லை. ஊரிலேயே எழுத்துக்கூட்டாமல் படிப்பவன் அவன் ஒருத்தன்தான்.

"தெரியாத ஊருக்குப் புத்தகம் இல்லாமப் போகக் கூடாதுண்ணே" என்றான் பூலோகம். கிளை நூலகத்துக்குப் போய் இரண்டு புத்தகம் எடுத்து வந்தான். ஒன்று, எப்படிப் போவது என்று சொல்லும் வழிகாட்டி. இன்னொன்று, போனால் என்னென்ன பார்க்கலாம் என்று பக்கத்துக்குப் பக்கம் கலர் போட்டோ போட்ட படப்புத்தகம். நூலகர் மரகதம் அம்மா, "புத்தகத்துல இருக்கிறபடியே போங்க, தொலைஞ்சு போக மாட்டீங்க" என்று சொல்லி அனுப்பினார். அந்த அம்மாவைக் குற்றம் சொல்லக் கூடாது. ஊசிக்குளத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

நாலு பேரும் பஸ் ஏறி மலையடிவாரத்தில் இறங்கினார்கள். பூலோகம் வழிகாட்டியைப் பிரித்தான். "பேருந்து நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் சோதனைச் சாவடி. அங்கே பைகளைச் சோதிப்பார்கள். ஒத்துழைக்கவும்."

தவசி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே முன்னால் நடந்தான். பெருமாயி இடுப்பில் புளியோதரைத் தூக்குச்சட்டியோடு மெதுவாக வந்ததால் எல்லாரும் மெதுவாகவே நடந்தார்கள். சரியாகப் பத்தாவது நிமிஷம் தவசி, "நில்லுங்க!" என்றான். நின்ற இடத்துக்கு எதிரே ஒரு சலூன் இருந்தது.

"சாவடி இப்படியா இருக்கும்?" என்றாள் பெருமாயி.

"பத்து நிமிசம் ஆச்சுல்லக்கா? அப்ப இதான்" என்றான் தவசி.

உள்ளே போய் ஆளுக்கொரு பையாகத் திறந்து காட்டினார்கள். சலூன்காரர் விவரம் கேட்கவில்லை. தூக்குச்சட்டியைத் திறந்து, ஒரு வாய் எடுத்துப் போட்டுப் பார்த்து, "உப்பு ஒரு கல்லு கம்மி. மத்தபடி பரவாயில்ல" என்றார். பிறகு தவசியை நாற்காலியில் உட்காரவைத்து வழவழவென்று சவரம் செய்து அனுப்பினார். தவசியும் முழுமனதோடு ஒத்துழைத்தான்.

அரை மைல் தள்ளி நிஜமான சாவடி வந்தது. காவலாளி பையைக் கேட்டார். "எங்களைக் கீழயே சோதிச்சாச்சுங்க" என்று தவசி தன் கன்னத்தை ஆதாரமாகக் காட்டினான். காவலாளி அந்தக் கன்னத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கம்பைத் தூக்கி வழிவிட்டார்.

அருவி ஜோவென்று கொட்டிக்கொண்டிருந்தது. பெருமாயி துண்டைத் தோளில் போட்டு, சீயக்காய்ப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"மதினி, அவசரப்படாதீங்க" என்று பூலோகம் குறுக்கே கை நீட்டித் தடுத்தான். "முதல்ல இது அந்த அருவிதானான்னு பார்க்கணும்."

படப்புத்தகத்தில் நாற்பத்தாறாம் பக்கத்தைப் பிரித்தார்கள். அருவி இருந்தது. பாறையும் இருந்தது. ஆனால் படத்தில் பாறை மேல் ஒரு வெள்ளாடு நின்றது. இங்கே ஆடு இல்லை.

"ஆடு இல்லாம எப்படி?" என்றான் ஒச்சப்பன் கவலையோடு.

தவசி மலைச்சரிவெல்லாம் சுற்றி, வாழைப்பழத் தோலைக் காட்டி ஒரு வெள்ளாட்டை அழைத்து வந்து பாறையில் நிறுத்தினான். எல்லாருக்கும் உயிர் வந்தது. பெருமாயி மறுபடி ஓடினாள். பூலோகம் மறுபடி தடுத்தான்.

"இன்னும் ஒண்ணு இடிக்குதே, மதினி. படத்துல தண்ணி அப்படியே நிக்குது. இங்க பாருங்க, ஓடிக்கிட்டே இருக்கு."

மூன்று ஆண்களும் படத்தையும் அருவியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். சந்தேகமே இல்லை. படத்துத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட அசையவில்லை.

"வேற அருவியா இருக்குமோ, மாமா?" என்றான் தவசி.

"இல்ல மாப்ள, அதே அருவிதான். ஏதோ ஓட்டத்துல இருக்கு. சித்த பொறுப்போம், நின்னுரும்" என்றான் ஒச்சப்பன். "பெருமாயி, தண்ணி நின்னதும் நீ இறங்கிக் குளி. வேற ஏதோ ஒரு தண்ணியில குளிச்சிட்டு, நாளைக்கு நான் வாக்குத் தவறுனேன்னு சொல்லப்படாது."

காத்திருந்தார்கள். புளியோதரை தீர்ந்தது. வெயில் ஏறி இறங்கியது. ஆடு இரண்டு முறை போய் இரண்டு முறை வந்தது. தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. நடுவில் கழுத்தில் கேமரா தொங்கப் போட்ட ஒருவர் வந்து, "அக்கா, துண்டும் சீயக்காயுமா அப்படியே நில்லுங்க" என்றார். காலையிலிருந்து பெருமாயி அப்படியேதான் நின்றுகொண்டிருந்தாள். அவர் நாலு பேரையும் சேர்த்து ஒரு படம் பிடித்துக்கொண்டு போனார். சாயங்காலம் ஐந்து மணிக்குக் காவலாளி விசில் ஊதி எல்லாரையும் வெளியே அனுப்பினார்.

ஊர் வந்ததும் பெருமாயி காய்ந்த தலையோடு நேராக எதிர்வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த ஒரு வருஷம் ஒச்சப்பன் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. மில்லில் அரைத்த மாவை அப்படியே தண்ணீரில் கரைத்துக் குடித்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்கு, எதிர்வீட்டு மீன்குழம்பு வாசனை வரும் திசையில் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆளே பாதியாகிவிட்டான், பாவம்.

மறு ஆடியில் பூலோகம் நூலகத்திலிருந்து மூச்சு வாங்க ஓடி வந்தான். அவன் கையில் அதே படப்புத்தகம், புதுப் பதிப்பு. ஒச்சப்பனையும் தவசியையும் இழுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கே போய், பெருமாயி முன்னால் நாற்பத்தாறாம் பக்கத்தை விரித்தான்.

அருவி, பாறை, வெள்ளாடு. பாறைக்குப் பக்கத்தில் நாலு பேர்.

"இது யாரு?" என்றான் தவசி.

"நம்மதான்" என்றான் பூலோகம்.

"நம்ம இங்கல்ல இருக்கோம்?"

"அதான் விசயமே. இது இந்த மாசம் வந்த புத்தகம். இப்ப அங்க என்ன இருக்கோ அதத்தான் போட்டிருப்பாக." பூலோகம் படத்தில் நாலு பேரையும் விரலால் தொட்டுக் காட்டினான். "நம்மள நாமளே அங்க விட்டுட்டு வந்துட்டோம்ணே."

ஒச்சப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். "நானும் பார்க்கிறேன், ஒரு வருசமா வீட்டுல ஆளே இல்லாத மாதிரி இருக்கேன்னு!"

பெருமாயி படத்துப் பெருமாயியையே பார்த்தாள். அவளுக்கு அழுகை பொங்கிவிட்டது. "அடி பாவி மகளே! வருசம் பூராவும் துண்டும் கையுமா நிக்கிறியே! ஒருத்தனும் உன்னக் குளிக்க விடலையா? என் கோபமெல்லாம் இருக்கட்டும். கிளம்புங்க, அவளக் குளிக்க வச்சுக் கூட்டிட்டு வந்துருவோம்."

எட்டு பேருக்குப் புளியோதரை கட்டினார்கள். வழியில் முறைப்படி சலூனில் நின்று பையைத் திறந்து காட்டினார்கள். "இந்தத் தடவை உப்பு சரி" என்று சொல்லி அனுப்பினார் சலூன்காரர்.

அருவியடியில் ஆடு மட்டும்தான் நின்றது. நாலு பேரில் ஒருவரையும் காணவில்லை.

"தண்ணிக்குள்ள இறங்கிட்டாளோ என்னமோ" என்று பெருமாயி பதறிப்போய், "ஏ பெருமாயீ!" என்று கத்தினாள். பாறைக்குள்ளிருந்து "பெருமாயீ!" என்று திருப்பிக் கேட்டது.

"உள்ளதான் இருக்கா! கூப்பிடுறா!" என்று சொல்லிக்கொண்டே பெருமாயி அருவிக்குள் பாய்ந்தாள்.

தண்ணீர் தடதடவென்று அவள் தலையில் இறங்கியது. ஒரு நிமிஷம் அவளுக்கு வந்த காரியமே மறந்துபோயிற்று. கூந்தலை அவிழ்த்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, கல்யாணத்தன்றுகூடச் சிரிக்காத சிரிப்பாகச் சிரித்தாள். கரையில் நின்ற ஒச்சப்பனுக்குக் கண் கலங்கியது. பத்தொன்பதும் ஒன்றும் இருபது வருஷத்து வாக்கு! அவன் மார்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கிய மாதிரி இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்துப் பெருமாயி சொட்டச் சொட்டக் கரையேறினாள். முதல் வேலையாகப் புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தாள். முகம் வாடிவிட்டது.

"நான் குளிச்சு என்னத்துக்கு ஆச்சு? இவ இன்னும் காஞ்ச தலையோடவே நிக்கிறா பாருங்க."

நாலு பேரும் கூடி யோசித்தார்கள். பிறகு ஆளுக்கொரு முனையாகப் புத்தகத்தைப் பிடித்து, நாற்பத்தாறாம் பக்கத்தை விரித்து, அருவிக்கு நேரே நீட்டினார்கள். பெருமாயி தன் கையாலேயே படத்தின் தலையில் சீயக்காய் வைத்துத் தேய்த்தாள். பிறகு பச்சைக்கரைத் துண்டால் ஒற்றி எடுத்து, பாறையில் வெயில் காட்டினார்கள். புத்தகம் தலையணை கனத்துக்கு உப்பியது. "சோறு உண்ணாமலே சதை போட்டுட்டா" என்று பெருமாயி சந்தோஷப்பட்டாள்.

அன்று ஊர் திரும்பியவள் எதிர்வீட்டுப் பக்கம் போகவில்லை. புருஷன் வீட்டுக்குள் போய் உலை வைத்தாள். உலை கொதிப்பதற்குள் தும்மல் ஆரம்பித்துவிட்டது.

"உனக்கே இப்படின்னா, புத்தகத்துல இருக்கிறவளுக்கு எப்படி இருக்கும்!" என்று ஒச்சப்பன் பதறினான். மூன்று நாள், வேளை தவறாமல், பெருமாயி நெற்றியில் ஒரு விரல், நாற்பத்தாறாம் பக்கத்தில் ஒரு விரல் என்று தைலம் தேய்த்துவிட்டான்.

நாலாம் நாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க நாலு பேரும் நூலகத்துக்குப் போனார்கள். மரகதம் அம்மா அதைக் கையில் வாங்கினார். பிரித்தார். மோந்து பார்த்தார்.

பெருமாயி மேசைப் பக்கம் குனிந்து, மெதுவாகச் சொன்னாள்: "அவளுக்குச் சளி இன்னும் முழுசா விடலங்கம்மா. ரெண்டு நாளைக்கு யாரு கேட்டாலும் வெளிய அனுப்பாதீங்க."