ஃபலேசியின் அடிபம்பு

"சிஸ்டர், எப்போ கிளம்புறோம்?"

பிரதர் சவரிராயன் அன்றும் கேட்டார். ஐந்து மாதமாக இதே கேள்விதான்.

"இன்னும் இல்லை," என்றார் சிஸ்டர் தியாமிகே.

மலாவி நாட்டின் ஒரு சிற்றூரில், கத்தோலிக்க மிஷன் வீட்டில் நடந்தது இது. சவரிராயன் தூத்துக்குடிக்காரர். ஆழ்துளைக் கிணறு போடுவதில் கெட்டிக்காரர். ஊர்ப்பணி கற்றுக்கொள்ள சிஸ்டரிடம் அனுப்பியிருந்தார்கள். சிஸ்டர் அந்த மண்ணிலேயே பிறந்தவர். பிரதரைவிடப் பத்து வயது இளையவர்.

"ஆத்துக்கு அந்தக் கரையில பிள்ளைங்க குட்டைத் தண்ணி குடிக்குது. நமக்கு இருக்கிறதோ துளை போடுற ஒரே லாரி, அதுவும் இங்கேயே சும்மா நிக்குது. இங்கே பம்பு போட்டாச்சு, தண்ணி வருது. வேலை முடிஞ்சது, சிஸ்டர்!"

 சிஸ்டர் அவரை ஜீப்பில் ஏற்றி வடக்கே ஓர் ஊருக்குக் கூட்டிப் போனார்.

அங்கே ஓர் அடிபம்பு துருப்பிடித்து நின்றது. கைப்பிடியில் ஓர் ஆடு கட்டியிருந்தது. பெண்கள் வாளிகளோடு அதைத் தாண்டிக் குட்டைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இதுவும் முடிஞ்சதுன்னு எழுதினவ நான்தான். பழுதானதும், மிஷனோட பம்புதானேன்னு ஊர்ல யாரும் தொடலை," என்றார் சிஸ்டர்.



மறுநாள் காலையில் அக்கரையிலிருந்து எனலேசி என்ற பெண் வந்தாள். முதுகில் கைக்குழந்தை. இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு. உச்சிக்குழி உள்ளே விழுந்திருந்தது. அழக்கூட அதற்குத் தெம்பில்லை.

சிஸ்டர் உப்பையும் சர்க்கரையையும் எடுத்து வைத்தார்.

"தண்ணீர்," என்றார்.

பிரதர் வாளியோடு ஓடினார்.

பம்பைச் சுற்றி முள்வேலி. அதன் வாசலில் ஊர்ப் பெண் ஃபலேசி, கையில் துடைப்பத்தோடு. அன்றைக்கு மேடையைப் பெருக்கிப் பார்த்துக்கொள்வது அவள் முறை.

"பூட்ஸ்," என்றாள்.

"அவசரம்மா, விடு."

"ஆட்டுப் புழுக்கையை மிதிச்ச காலோட மேடையில ஏற முடியாது. கழட்டுங்க."

"இந்தக் கிணத்தைப் போட்டதே நான்!"

"போட்டீங்க. பெருக்கறது யாரு?"

வரிசை முழுக்கச் சிரிப்பு.

பிரதர் பூட்ஸை இழுத்துக் கழற்றினார். காலுறை ஓட்டை வழியே கட்டைவிரல் எட்டிப் பார்த்தது.

"பாருங்கடி, சாமியாருக்கும் கிழிசல்!" என்றாள் ஒருத்தி.

"வரிசை அங்கே முடியுது," என்று ஃபலேசி துடைப்பத்தால் காட்டினாள்.

"ஒரு பிள்ளை சாகக் கிடக்கும்மா! அக்கரைப் பிள்ளை!"

துடைப்பம் கீழே விழுந்தது. ஃபலேசி வாளியைப் பிடுங்கினாள். முதலில் நின்றவள் அதற்குள் விலகியிருந்தாள். இரண்டு பேர் சேர்ந்து பம்பை அடித்தார்கள்.

"இதுக்கு மூடி எங்கே?"

"அது... கொண்டு வரலை."

"படிச்சவங்கதானா நீங்க?"

தன் வாளியின் மூடியை எடுத்துப் போட்டு, தலையில் ஏற்றி, அவளே ஓடினாள். பிரதர் கிழிந்த காலுறையோடு பின்னால் ஓடினார்.

கரண்டி கரண்டியாக ஊட்டினார்கள். மதியம் தாண்டியதும் குழந்தை சிறுநீர் கழித்து எனலேசியின் மடியை நனைத்தது. அவள் ஈரத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சிரித்தாள். பிறகு அழுதாள்.

அப்போதுதான் பிரதருக்குக் கோபம் நினைவுக்கு வந்தது.

"சிஸ்டர், அந்த ஃபலேசி என்னை உள்ளேயே விடலை. நான் போட்ட கிணறு! துடைப்பக்கட்டையோட வழிமறிச்சு நிக்கிறா. மூடி இல்லைன்னு திட்டு வேற. யாரோட பம்புன்னு நினைச்சிட்டிருக்கா அவ?"

சிஸ்டரின் கையில் கரண்டி நின்றது.

"இன்னொரு தடவை சொல்லுங்க, பிரதர்."

"யாரோட பம்புன்னு..."

பாதியில் அவர் குரல் நின்றது.

சிஸ்டர் எழுந்தார். கண் நிறைந்திருந்தது. சுவரில் ஐந்து மாதமாகத் தொங்கிய லாரிச் சாவியை ஆணியிலிருந்து எடுத்தார்.

"எனலேசி, உங்க ஊருக்கு எந்தப் பக்கம் திரும்பணும்?"