எந்தக் கை முதலில்

டாக்டர் மகிழ்நன் தன் மருத்துவக் கல்லூரி ஆசிரியை ஞானசௌந்தரியைப் பார்க்க வந்தபோது, அவர் ஆஸ்பத்திரியில் பிரசவித்த முத்துப்பேச்சியும் அவள் கைக்குழந்தையும் கூட வந்திருந்தார்கள். "அந்தப் பிள்ளை இல்லாம நீ வராதே" என்று போனிலேயே சொல்லியிருந்தார் ஆசிரியை.

தாயையும் பிள்ளையையும் வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மகிழ்நன் மட்டும் உள்ளே போனார்.

வயது நாற்பத்து நான்கு. சொந்த ஆஸ்பத்திரி. ஆயிரக்கணக்கில் பிரசவம் பார்த்த கை. அந்த அறைக்குள் போனதும் பரீட்சைக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

"மேடம், பிள்ளை பிறந்து எழுபத்தெட்டு நாளாச்சு. வலது கையைத் தூக்கவே மாட்டேங்குறான். அவ வீட்டுக்காரர் மஸ்கட்ல இருந்து போன் பண்றார். கேஸ் ஷீட்டைக் குடு, கோர்ட்ல பாத்துக்கிறேங்கிறார். இதுல யார் தப்பும் இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

ஆசிரியை கேஸ் ஷீட்டை வாங்கிப் படித்தார். தோள் சிரமமின்றி வெளிவந்தது என்று அதில் எழுதியிருந்தது.

"தலை வந்து எவ்வளவு நேரம் கழிச்சு உடம்பு வந்தது?"

"நாலு நிமிஷம்."

"இதுல இல்லையே."

ஆசிரியை கேஸ் ஷீட்டை மூடி மேஜைமேல் வைத்தார்.

"தோள் மாட்டிக்கிட்டது உன் தப்பு இல்லை. யார் கையிலயும் நடக்கும். மாட்டினப்புறம் நீ என்ன செஞ்சே?"

"பிள்ளை செத்துடும்னு பயந்துட்டேன் மேடம்."

"பயந்து?"

மகிழ்நன் கேஸ் ஷீட்டை எடுத்துப் பைக்குள் வைக்கப் போனார்.

"அவகிட்ட என்ன சொன்னே?"

"லேசான வீக்கம், எண்ணெய் தேய்ச்சா சரியாயிடும்னு..."

அடப்பாவி! எழுபத்தெட்டு நாளாக அந்தப் பெண் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஆசிரியை அவளை உள்ளே கூப்பிட்டார். மேஜைமேல் பிள்ளையைக் கிடத்தி, சட்டையைக் கழற்றிப் பார்த்தார். இடது கை காற்றில் குத்துவிட்டுக்கொண்டிருந்தது. வலது கை விலாவோடு ஒட்டி, உள்ளங்கை பின்பக்கம் திரும்பிக் கிடந்தது. கிச்சுகிச்சு மூட்டினார். முழங்கை மடங்கவில்லை.

"தப்பு என்மேலதான் மேடம்" என்றாள் முத்துப்பேச்சி, யாரும் கேட்காமலே. "முக்கு முக்குன்னாங்க. எனக்குச் சரியா முக்கத் தெரியலை. அதான் பிள்ளை மாட்டிக்கிட்டான்."

"யாரு சொன்னா உனக்கு?"

"சிஸ்டர்தான். அங்க வச்சே திட்டினாங்க. சாரும் பக்கத்துல இருந்தாங்க."

சார் சுவரைப் பார்த்தார்.

"பிள்ளைக்குச் சட்டையைப் போட்டுவிடுப்பா" என்றார் ஆசிரியை.

மகிழ்நன் சட்டையை எடுத்தார். ஆடிக்கொண்டிருந்த இடது கையைப் பிடித்து முதலில் நுழைத்தார். அது சுலபமாகப் போயிற்று. முதுகுப் பக்கமாகத் துணியைச் சுற்றிக் கொண்டுவந்தபோது சட்டை இறுகிவிட்டது. வலது கை பின்னால் வளைய மறுத்தது. மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். இன்னொரு தரமும் இழுத்தார். பிள்ளை வீறிட்டான்.

"ஐயோ, இழுக்காதீங்க சார்!"

முத்துப்பேச்சி பாய்ந்து வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். சட்டையை முழுதும் கழற்றினாள். வலது கைத்துளைக்குள் வெளியிலிருந்து தன் விரல்களை விட்டு, அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டு, துணியை மெல்ல மேலே ஏற்றினாள். அப்புறம் இடது கை. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"முடியாத கையை முதல்ல விடணும் சார். நல்ல கை பின்னால தானா வந்துடும்."

"இது யாரு சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார் ஆசிரியை.

"யாரும் சொல்லலை மேடம். நாலு நாள் சட்டை போடுறப்பல்லாம் கத்தினான். அஞ்சாம் நாள் மாத்திப் பாத்தேன்." கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள். "கை வந்துடும்ல?"

"தெரியலைம்மா. கழுத்துகிட்ட நரம்பு இழுபட்டு அடிபட்டிருக்கு. முதல் மாசமே அதுக்குரிய டாக்டர் பாத்திருக்கணும். நாளைக்கே போயிடு. எண்ணெய் போட்டு நீவுறதை நிறுத்து. நீ முக்காததால இது வரலை. என்ன நடந்துச்சுன்னு இவர் லெட்டர் தருவார். அதை வச்சுத்தான் அவங்க மேற்கொண்டு முடிவெடுப்பாங்க."

முத்துப்பேச்சி அழவில்லை. மகிழ்நனை ஒரு தடவை பார்த்தாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

ஆசிரியை ஒரு வெள்ளைத்தாளை மேஜைமேல் வைத்தார். மகிழ்நன் எழுத ஆரம்பித்தார்.

தாய்க்குச் சர்க்கரை இருந்தது. குழந்தை நாலு கிலோ இருநூறு கிராம். வலி பதினாறு மணி நேரம் நீடித்தது. தாய் மிகவும் களைத்திருந்தாள். பிறந்தவுடன் குழந்தை அழுதது.

தாளில் முக்கால்வாசி நிரம்பியதும் பேனா நின்றுவிட்டது.

"எல்லாம் உண்மைதான் மேடம்" என்றார் மகிழ்நன். "அது ஒண்ணு மட்டும்தான் இதுக்குள்ள வரமாட்டேங்குது."

ஆசிரியை தாளை எடுத்து ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு அதை இரண்டாகக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத்தாள் ஒன்றை அவர் முன்னால் தள்ளினார்.

"இதுலயும் நல்ல கையைத்தான் முதல்ல விட்டிருக்கே."