கடலில் இறங்கிய மூஞ்சூறு ரயில்

பவளத் தீவு ஒன்றில் பிலோமினா என்ற சங்கு நண்டு ஹோம்ஸ்டே நடத்திவந்தது. அறை என்றால் காலிச் சங்குதான். "குளியலறை உள்ளேயே இருக்கு!" என்று பீற்றிக்கொள்ளும். அலை ஏறினால் கடலே உள்ளே வந்துவிடும், அதைத்தான் அப்படிச் சொன்னது.

அங்கே லீவுக்கு வந்தது செசிலி என்ற மூஞ்சூறு. கூடவே நான்கு குட்டிகள். மூஞ்சூறு வீட்டு வழக்கம் ஒன்று உண்டு. வெளியே கிளம்பினால் முதல் குட்டி அம்மாவின் வாலைக் கவ்வும். அடுத்தது அதன் வாலைக் கவ்வும். அப்புறம் ரயில்தான்! கடைசிப் பெட்டி, குட்டான்.

செசிலிக்கு எல்லாமே பயம். அலை பயம், காற்று பயம், குட்டான் தும்மினாலும் பயம். பயந்தால் மூஞ்சூறு நாறும். ஆகவே தீவே நாறியது.

"ஏம்மா, இவ்வளவு தூரம் வந்துட்டு கரையிலேயே உட்கார்ந்து நாறிக்கிட்டு இருக்கியே!" என்றது பிலோமினா. "நம்ம அஞ்சாலை அண்ணன் கடலுக்கடியில சுத்திக் காட்டுவாரு. போயேன்!"

பாறை இடுக்கிலிருந்து அஞ்சாலை தலையை நீட்டியது. மீன்தான். ஆனால் பாம்பு உடம்பு, வாய் நிறையப் பல்.

"வா தங்கச்சி! பப்பாளித் தண்டுதான் குழாய். ஒரு முனை மூக்குல, மறுமுனை தண்ணிக்கு மேல. முகத்தைத் தண்ணியில வச்சு மிதந்தா கலர் கலரா மீன் பார்க்கலாம். ஆனா இந்த வால் கவ்வுறதெல்லாம் கூடாது!"

"ஏண்ணே?"

"கூட்ஸ் வண்டி மாதிரி இருக்கு, பார்க்கறவங்க சிரிப்பாங்க! அந்தக் கடைசிப் பொடியனை எங்கிட்ட விடு. ஆழத்துக்கே கூட்டிட்டுப் போறேன். கொழுகொழுன்னு இருக்கான், நல்லா மிதப்பான்."

பிலோமினா கொடுக்கால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. செசிலிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. குட்டிகளுக்கோ மீன் பார்க்க ஆசை. ஆனால் அந்தப் பல்!

"குழாய்க்கு மூக்குதானேண்ணே வேணும்? வாய் சும்மாதானே இருக்கு? வந்தா ரயிலாத்தான் வருவோம்" என்றது செசிலி.

"வாயில வாலை வச்சுக்கிட்டு, ஆபத்துன்னா எப்படிக் கத்துவாங்க?"

"கத்த வேண்டாம்ண்ணே. கடிச்சாப் போதும்."

ரயில் கடலில் இறங்கியது. கீழே மஞ்சள் மீன், நீல மீன், மீசை வைத்த மீன்! செசிலிகூடக் கொஞ்ச நேரம் பயத்தை மறந்தது.

சுரீர்!

பின்னால் வந்த அஞ்சாலை, குட்டானின் வாலைக் கவ்விவிட்டது. குட்டான் அக்காவின் வாலைக் கடித்தது. அக்கா அண்ணனைக் கடித்தது. அண்ணன் பெரியக்காவைக் கடித்தது. பெரியக்கா கடித்த கடியில் செசிலிக்குக் கண்ணில் பூச்சி பறந்தது!

செசிலி கரையை நோக்கிப் பாய்ந்தது. கால் மணலில் பட்டதும் ஊன்றி இழுத்தது. அந்தப் பக்கம் அஞ்சாலையும் இழுத்தது. அதுவரை வராத அளவு பெரிய பயம் செசிலிக்கு அப்போது வந்தது. ஐந்து மூஞ்சூறும் ஒன்றாக நாறின!

"த்தூ! த்தூ! இதையெல்லாம் மனுஷன் தின்பானா!" என்று துப்பிவிட்டு அஞ்சாலை ஓடியது.

பிலோமினா சத்தமில்லாமல் சங்குக்குள் போய்க் கொடுக்கால் வாசலை அடைத்துக்கொண்டது.

நுனி போன வாலை ஆட்டியபடி குட்டான் கேட்டது: "அம்மா, மறுபடி போலாமா?"

"முதல்ல அக்கா வாலைக் கவ்வுடா!"

பெற்றவளின் பயம் ஊருக்கு நாறினாலும், பிள்ளைக்கு அதுவே காவல்.