வீட்டுக்கு மேல் நின்ற விமானம்

சத்தியம். வாயில் மிச்சமிருக்கும் மூன்று பற்கள் மேல் அடித்துச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நம்பாதவர்கள் ஆரல்வாய்மொழிக்கு வந்து காற்றிடமே கேட்டுக்கொள்ளலாம்.

அங்கே சிதம்பரதாணு என்று ஒருவர். பஸ் டிப்போவில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தெட்டு. பதினோரு வருடமாக வீட்டுக்குள்ளேயே ஒரு விமானம் கட்டினார். இரண்டு இருக்கை. வலது இறக்கை வளர்ந்து வளர்ந்து அடுப்பங்கரைக்குள் போய்விட்டது. அவர் மனைவி பகவதியம்மாள் அதில்தான் கரண்டிகளைத் தொங்கவிட்டாள்.

விமானம் பறந்தது. ஆனால் அவரை மட்டும்தான் தூக்கியது. இரண்டாவது ஆள் ஏறினால், காற்றாலைகளுக்கு நடுவே இருந்த பொட்டலில் கடைசிவரை உருண்டுபோய், முனையில் நிற்கும் புளியமரங்களைப் பார்த்து நின்றுவிடும். முகப்பில் சுற்றியது ஒரே கட்டையில் செதுக்கிய புரொப்பெல்லர் விசிறி. அதன் பிளேடுகளுக்குத் தச்சர் என்ன சாய்வு கொடுத்தாரோ அதுதான் சாய்வு.

அதைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்று மாட்டினார். இதில் ஆறு போல்ட்டைத் தளர்த்தினால் பிளேடுகளை வேண்டிய சாய்வுக்குத் திருப்பிக்கொள்ளலாம். தரையில் நிற்கும்போது மட்டும். மேலே போனபின் கை எட்டாது.

அங்கேதான் வந்தது வினை. சாய்வைக் குறைத்தால் ஆடு பாறை ஏறுவது போல ஏறியது, மேலே போனதும் மாட்டுவண்டி வேகம். கூட்டினால் மேலே அம்பாகப் பாய்ந்தது, ஆனால் தரையை விட்டுக் கிளம்ப அதற்கு மனசே வரவில்லை. சிதம்பரதாணுவுக்கு இரண்டும் வேண்டும். நாற்பது நாள் தளர்த்தினார், திருப்பினார், முறுக்கினார். அரை டிகிரி, கால் டிகிரி. கடைசியில் ஒரு தலைமுடியில் பாதி அளவு திருப்பியதாகச் சொன்னார். அந்த முடியையும் எனக்குக் காட்டினார்.

வெள்ளிக்கிழமை பகவதியம்மாள் மகளின் பிரசவத்துக்காக மஸ்கட் கிளம்புகிறாள். திரும்பிவர ஆறு மாதம். அதற்குள் ஒரு தடவையாவது அவளை ஏற்றிவிடவேண்டும். அன்றைக்குப் புதன்.

அவருக்கு ஒரு குரு உண்டு. பெயர் ஜெர்லின், வயது முப்பத்தொன்று. காற்றாலைகளில் ஏறி பிளேடு பழுதுபார்ப்பவள். காற்றைப் பற்றி அவளுக்குத் தெரியாதது காற்றுக்கும் தெரியாது. குருவே என்று கூப்பிடாதீர்கள், பெண் பார்க்க வருகிறவர்கள் பயந்துபோகிறார்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். அவர் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் அவள் காற்றாலை அடியில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சிதம்பரதாணு விமானத்தை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பின்னாலேயே தேநீர் பிளாஸ்க்கோடு பகவதியம்மாள்.

"குருவே, எது சரியான சாய்வு?"

"எதுக்குச் சரியான சாய்வு, அண்ணாச்சி?"

அவர் விரல் விட்டு எண்ணினார். முதலில் புளியமரத்தைத் தாண்டவேண்டும். பிறகு சுசீந்திரம் கோபுரம், கன்னியாகுமரி, முட்டம் கடற்கரை, பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு அருவி. எல்லாம் ஒரே மூச்சில், டாங்கில் பெட்ரோல் தீர்வதற்குள்.

ஜெர்லின் கையைக் கழுவினாள். அவர் சாய்வு அளக்கக் கொண்டுவந்திருந்த கோணமானியை வாங்கினாள். அளக்கப்போகிறாள் என்று அவர் குனிந்து நின்றார். அவளோ அதை அவர் சட்டைப்பையிலேயே செருகிவிட்டுப் பின்னால் பார்த்தாள்.

"அம்மா, உங்களுக்கு எங்க போணும்?"

வேறு யாரையோ கேட்கிறாள் என்று பகவதியம்மாள் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை.

"எனக்கா? நம்ம வீட்ட மேல இருந்து பாக்கணும். பதினோரு வருசமா இந்தச் சாமானத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். வீட்டப் பாக்கல."

"எவ்வளவு நேரம்?"

"பாத்து ஆச தீருத வரைக்கும்."

இதை ஒருநாளும் சொல்லவில்லையே என்றார் சிதம்பரதாணு. ஒருநாளும் யாரும் கேட்கவில்லை என்றாள் அவள்.

ஜெர்லின் ஆறு போல்ட்டையும் தளர்த்தினாள். இரண்டு பிளேடுகளிலும் ஒரே அளவாகச் சாய்வைக் குறைத்தாள். வேகமெல்லாம் போய்விடுமே என்று அவர் முனகினார். அவள் காதில் வாங்காமல் முறுக்கி முடித்தாள்.

கணவனும் மனைவியும் ஏறி உட்கார்ந்தார்கள். பாதிப் பொட்டலிலேயே விமானம் எழும்பிவிட்டது. புளியமரங்கள் எங்கோ கீழே கிடந்தன. ஊருக்கு மேல் போனதும் மலைக் கணவாய் வழியே வீசும் காற்று எதிரே வந்து முட்டியது. காற்றின் வேகமும் விமானத்தின் வேகமும் அச்சுப்பிசகாமல் ஒன்று. வீட்டுக்கு நேர் மேலே விமானம் அப்படியே நின்றது. எஞ்சின் ஓடுகிறது, புரொப்பெல்லர் சுற்றுகிறது, நிழல் மட்டும் மொட்டைமாடியை விட்டு நகரவில்லை. பின்னால் வந்த ஒரு பருந்து, வழிவிடச் சொல்லி இரண்டு தடவை கத்திவிட்டு ஒதுங்கிப் போனது.

பகவதியம்மாள் நிதானமாகப் பார்த்தாள். பின்கட்டில் ஓடு மாற்றிய இடம், முருங்கை மரம், தண்ணீர்த் தொட்டி. பக்கத்து மாடியில் ஒருவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அது யார் என்று கேட்காதீர்கள். தொட்டி மூடி திறந்து கிடக்கிறது, மூடுங்கள் என்று மேலிருந்தே அவரிடம் சொன்னாள். சுவர் தாண்டி வந்து மூடினார். வத்தலைத் திருப்பிப் போடச் சொன்னாள். போட்டார். இப்படி முக்கால் மணி நேரம். அன்று மாடி முழுக்க வத்தல் மொறுமொறுவென்று காய்ந்தது, நடுவில் விமானத்தின் வடிவத்தில் மட்டும் ஈரமாகவே கிடந்தது.

இறங்கியதும் சிதம்பரதாணு குருவிடம் ஓடினார். அவள் அடுத்த காற்றாலையில் ஏற ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"குருவே, ஒரு இடத்துக்கும் போகலியே. நாளைக்கு வேற சாய்வு வச்சா கன்னியாகுமரி வரைக்குமாவது..."

"அம்மா என்ன சொல்லுதாங்க?"

அவர் திரும்பிப் பார்த்தார். பகவதியம்மாள் இன்னும் இறங்கவில்லை. பெல்ட்டைக்கூட அவிழ்க்காமல், பிளாஸ்க்கைத் திறந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ போலாம்ங்கா" என்றார்.

"பெறவு இங்க என்ன செய்யுதீங்க, அண்ணாச்சி?"

நடந்தது இவ்வளவுதான். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆனால் எந்தக் கிழவன் சொன்னான் என்று கேட்டால் மட்டும் உங்களுக்கு ஞாபகம் வரவேண்டாம்.