பன்னிரண்டாவது தலை

கல்லுமேட்டு மடத்துச் சாமியாருக்கு நாற்பது வயது. அவருடைய ஒரே சீடன் உத்தண்டிக்கு அறுபது. அதனால் குரு சீடனைப் 'பெரியவரே' என்று கூப்பிடுவார்.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஆற்றில் வந்த வெள்ளம் கீழத்தெருவை வழித்துக்கொண்டு போயிருந்தது. உத்தண்டியின் மனைவி பாவாயியும் அதில் போனாள். எப்படிப் போனாள் என்று யார் கேட்டாலும் அவனிடம் ஒரே பதில்தான்.

"சடையன்."

சடையன் ஊரின் பரிசல்காரன். வெள்ளத்தன்று அவன் பரிசலைக் கீழத்தெருப் புளியமரத்தில் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். பாவாயி அந்த மரக்கிளையில் நின்றிருந்தாள். சடையன் அரிவாளை எடுத்துக் கயிற்றை வெட்டினான். பரிசல் ஒரு பக்கம் போனது, மரமும் பாவாயியும் இன்னொரு பக்கம் போனார்கள். மேட்டில் நின்ற வெளியூர்க்காரர்கள் கண்ணால் பார்த்துச் சொன்னது இது.

உத்தண்டி பார்க்கவில்லை. அதற்கு முன்பே கிளையொன்று முறிந்து அவன் தலையில் விழுந்துவிட்டது. கண் விழித்தபோது மேட்டில் கிடந்தான். ஆறு ஒதுக்கிப் போட்டது என்றார்கள்.

அன்றிலிருந்து அவன் சடையனின் பரிசலில் கால் வைத்ததில்லை. அக்கரைக்குப் போக நாலு மைல் சுற்றிப் பாலத்தில் நடந்தான். சடையனின் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் காறித் துப்பினான். சடையனின் மகளைப் பெண் பார்க்க வந்தவர்களை ஊர் எல்லையில் மறித்து, "கயிறு அறுத்தவன் வீட்டிலா சம்பந்தம்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினான். வெள்ளத்துக்குப் பிறகு ஊரில் முதலில் எழுந்ததும் உத்தண்டியின் வீடுதான். அவன் கண்ணெதிரே நான் நிமிர்ந்து நிற்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லியே ஒற்றை ஆளாகக் கல் சுமந்தான்.

சடையன் ஒரு நாளும் எதிர்த்துப் பேசவில்லை. குற்றமுள்ளவனுக்கு வாய் எப்படி வரும் என்று உத்தண்டிக்கு அதிலும் ஆத்திரம்.

ஊர் ஒருவழியாக எழுந்து நின்றதும் சாமியார் சொன்னார்: "அடுத்த வெள்ளத்துக்கு நாம் இருக்க மாட்டோம் பெரியவரே. இருக்கப் போகிறவர்களுக்கு ஒரு புத்தகம் வேண்டும். பிழைத்தவர்கள் எல்லாரையும் கேட்டு எழுதுங்கள். ஆடிப் பதினெட்டு அன்று துறையில் வாசிக்கலாம்."

"மூணாங்கிளாஸ் படிச்சவன் எழுதறது புத்தகமாங்க சாமி?"

"நனைந்தவர் எழுதினால் போதும்."

உத்தண்டி ஒரு கோடு போட்ட நோட்டை வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போனான். கொட்டை கொட்டையான எழுத்தில் எழுதினான். தண்ணீர் நுரையோடு வந்தால் சாமான் எடுக்கத் திரும்பாதே. மாட்டைக் கட்டி வைக்காதே, அவிழ்த்து விடு, அதற்கு மேடு தெரியும். விதை ராகியைப் பரணில் வைக்காதே, மடத்தில் கொண்டுவந்து வை. முதல் நாள் கஞ்சி யார் வீட்டு அரிசி என்று கேட்காதே.

கடைசியாகப் பரிசலைப் பற்றி எழுத உட்கார்ந்தான். வெள்ளத்தன்று அதில் ஏறிப் பிழைத்தவர்கள் யார் யார் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டான். எல்லாரும் அதே பெயர்களைச் சொன்னார்கள். விரல் மடக்கி எண்ணினான். மறுபடியும் எண்ணினான். அப்படியே எழுந்து மடத்துக்கு ஓடினான்.

"சாமி! அகப்பட்டுக்கிட்டான்!"

"யார்?"

"சடையன். அவன் பரிசல் எத்தனை தலை தாங்குமுங்க?"

"துடுப்புப் போடுகிறவன் போகப் பன்னிரண்டு."

"அன்னிக்கு ஏறினது பதினொண்ணு. ஊரே சொல்லுது, நோட்டில் இருக்குது. ஒரு எடம் காலியா இருந்திருக்குதுங்க சாமி. எடத்தை வச்சுக்கிட்டே அவளை விட்டுட்டு அறுத்திருக்கான்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "பேரோடு எழுதப் போறேன். 'காலி எடத்தோடு கயிறு அறுத்த கொலைகாரன் சடையன்.' நூறு வருஷம் கழிச்சும் ஆடிக்கு ஆடி வாசிக்கட்டும்."

சாமியார் நோட்டை வாங்கி, பதினோரு பெயர்களையும் மெதுவாகப் படித்தார். அவர் முகம் ஏன் வாடியது என்று உத்தண்டிக்குப் புரியவில்லை.

"எழுதுவதற்கு முன் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடலாம். நாளைக் காலையில் துறைக்கு வாருங்கள்."

காலையில் பரிசல் கரை ஓரமாக, முழங்கால் தண்ணீரில் கிடந்தது. சடையன் துடுப்போடு நின்றான். பதினோரு பேரும் வந்திருந்தார்கள்.

"அன்று உட்கார்ந்த மாதிரியே உட்காருங்கள்" என்றார் சாமியார்.

"அன்னிக்கு என் தொப்பை இத்தனை இல்லைங்க சாமி" என்றான் நஞ்சப்பன்.

"வாயும் இத்தனை இல்லை. ஏறு" என்றாள் குயவர் வீட்டுக் குருவம்மா.

ஒவ்வொருவராக ஏறினார்கள். யாருக்கும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அவரவர் இடம் அவரவர் உடம்புக்குத் தெரிந்திருந்தது. விளிம்பை ஒட்டி வட்டமாக, முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

நடுவில் இடம் காலியாகக் கிடந்தது.

"பாருங்க சாமி!" உத்தண்டியின் குரல் ஆற்றின் அக்கரைக்குக் கேட்டது. "எத்தனை எடம்! ரெண்டு பாவாயி உக்காரலாமே! அடப் பாவிகளா, காலை நீட்டி உக்காரத்தான் அவளை விட்டுட்டு வந்தீங்களா?"

ஒருவர் காலும் நீட்டியிருக்கவில்லை என்பது அவன் கண்ணில் படவில்லை.

சாமியார் சொன்னார்: "நஞ்சப்பா, காலை நீட்டேன்."

நஞ்சப்பன் தொப்பையும் முழங்காலும் முட்ட மூச்சுத் திணறிக்கொண்டிருந்தான். அப்படியும் காலை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டான்.

"அங்க எப்படிங்க சாமி காலை நீட்டறது?"

"ஏன்?"

நஞ்சப்பன் துடுப்போடு நின்ற சடையனைப் பார்த்தான்.

"வேண்டாங்க சாமி" என்றான் சடையன். மூன்று வருடத்தில் உத்தண்டி அவன் குரலைக் கேட்டது அதுதான் முதல் தடவை. "அவர் எழுதறதை எழுதிக்கட்டும். எனக்கு ஒண்ணும் இல்லைங்க."

"இந்தப் புத்தகம் உனக்கும் இல்லை, இவருக்கும் இல்லை சடையா. இதை நம்பி இன்னொருவன் பரிசலில் ஆள் ஏற்றப் போகிறான்." சாமியார் உத்தண்டி பக்கம் திரும்பினார். "பெரியவரே, அந்தக் காலி இடத்தில் படுத்துப் பாருங்கள்."

உத்தண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வீம்பாக ஏறினான். எத்தனை இடம் என்று இவர்களுக்கு அளந்து காட்டிவிட வேண்டும். பரிசல் ஆடியது. மல்லாந்து படுத்தான்.

இடம் சரியாக இருந்தது. தலைக்கும் மிச்சமில்லை, காலுக்கும் மிச்சமில்லை. வெட்டித் தைத்த மாதிரி இருந்தது. அவன் தோளை இரண்டு பக்கமும் முழங்கால்கள் தொட்டன.

அப்போது குருவம்மா, யாரும் சொல்லாமலே, அவன் தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். முந்தானையைச் சுருட்டி அவன் பின்மண்டையில், இடது காதுக்குச் சற்று மேலே வைத்து அழுத்தினாள்.

முடிக்குள் மறைந்து கிடக்கும் தழும்பு அங்கேதான் இருந்தது.

"குருவம்மா." உத்தண்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தான். "அது அங்க இருக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் முந்தானையை எடுக்கவில்லை. "ரத்தம் நிக்கவே இல்லைங்கண்ணா. மேடு வர்ற வரைக்கும் நிக்கல."

குருவம்மா முந்தானையை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னும் ஒரு தலைதான் தாங்கும்னு சடையண்ணன் சொன்னாரு. பாவாயக்கா உங்களைத் தோளில் போட்டுக் கிளையிலிருந்து எறக்கிக் குடுத்தா. கொஞ்ச நேரத்தில் மரம் வேரோடு சாஞ்சுது. கயிறு எங்களையும் சேர்த்து இழுத்துது. அவருக்குக் கை வரலைங்கண்ணா. அரிவாளை வச்சுக்கிட்டு நின்னாரு. 'அறுடா, அவரு உள்ள இருக்காரு'ன்னு கத்தினதே அக்காதான்."

உத்தண்டி படுத்தபடியே கண்ணை மேலே உயர்த்தினான். துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற சடையன் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தாடி முழுக்க நரைத்துப் போயிருந்தது. எப்போது நரைத்தது என்று தெரியவில்லை. துப்பும்போது முகத்தைப் பார்த்ததில்லை.

"உன் மகள்..." என்று ஆரம்பித்தான்.

சடையன் துடுப்பை மாற்றிப் பிடித்தான். அவ்வளவுதான்.

உத்தண்டி தட்டுத் தடுமாறி எழுந்தான். பரிசலை விட்டு இறங்கியதும் முழங்கால் தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டான். வேட்டி நனைந்தது தெரியவில்லை. கை மட்டும் எதையோ தேடுவது போலத் தண்ணீரைத் துழாவியது.

"மூணு வருஷம் சாமி. ஊரே சேர்ந்து என் பேரை மறைச்சிருக்குது. உங்க கையால சாப்பிட்டேன். நீங்களுமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

சாமியார் தண்ணீரில் இறங்கி வந்து அவன் பக்கத்தில் நின்றார்.

"முதல் வருடமே சொல்லப் புறப்பட்டேன் பெரியவரே. நீங்கள் அப்போது வீட்டுக்குக் கல் சுமந்துகொண்டிருந்தீர்கள். சடையன் வந்து என் முன்னால் கையை விரித்து மறித்தான். 'அந்த மனுஷன் என் மேல இருக்கற கோபத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எந்திரிச்சு நிக்கறாரு. இப்ப அவர் கையில் வேற ஒண்ணும் இல்லை. இன்னொரு தடவை கயிறு அறுக்க என்னால ஆகாதுங்க சாமி' என்றான்."